ஓடி நுழைந்தான்: ஆங்கிலத்தில் நகர்ச்சியைச் சொல்ல ஒரு முழுமையான வழிகாட்டி

“பையன் ஓடி ரோட்டைக் கடந்தான்.” இதை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் நம்மில் பெரும்பாலோர் “த பாய் ரேன் அண்ட் கிராஸ்ட் த ரோடு” என்போம். இலக்கணப்படி தவறில்லை. ஆனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுபவர் வாயில் “த பாய் ரேன் அக்ராஸ் த ரோடு” என்றுதான் வரும். ‘கடந்தான்’ என்ற வினையே அங்கே இல்லை. அது செய்த வேலையை ‘அக்ராஸ்’ என்ற ஒரு சின்னச் சொல் எடுத்துக்கொண்டுவிட்டது.

‘கோ’, ‘கம்’, ‘ரன்’, ‘கெட்’ போன்ற வினைகளோடு ‘இன்’, ‘அவுட்’, ‘அப்’, ‘ஓவர்’ போன்றவை சேர்வதைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதுதான் நம் வழக்கம். ஃப்ரேசல் வெர்ப் புத்தகங்கள் பலவும் அகரவரிசையில்தான் போகின்றன. அப்படிப் படித்தது சீக்கிரம் மறந்துபோகும், ஏனென்றால் அந்தச் சொல் அங்கே ஏன் வருகிறது என்பது பட்டியலில் இருக்காது. அந்தக் காரணத்தைப் பிடிக்கப் பள்ளியில் படித்த வினைமுற்றும் வினையெச்சமும் போதும்.

படி 1: வாக்கியத்தை நான்காகப் பிரியுங்கள்

ஒரு நகர்ச்சியில் நான்கு கூறுகள் உண்டு. நகர்வது யார் (பையன்), எந்த இடத்தைப் பொறுத்து (ரோடு), எந்த வழியில் (குறுக்கே), எந்த விதத்தில் (ஓடி). முதல் இரண்டும் பெயர்ச்சொற்கள், அவற்றில் சிக்கல் இல்லை. வழிக்கும் விதத்துக்கும்தான் போட்டி. முதன்மை வினை என்ற ஒரே இருக்கையில் இரண்டில் எது உட்காருவது?

தமிழ் அந்த இருக்கையைப் பெரும்பாலும் வழிக்குக் கொடுக்கிறது. நுழை, ஏறு, இறங்கு, கட, தாண்டு, அணுகு, விலகு, திரும்பு: இவை ஒவ்வொன்றும் ஒரு வழி. ஓடி, நடந்து, தவழ்ந்து, நொண்டி என்று விதம் எச்சமாக முன்னால் நிற்கும். ஆங்கிலத்தில் விதம்தான் முதன்மை வினை, வழி அதன் பின்னால் ஒட்டும் சொல். அந்தச் சொல்லை இந்தக் கட்டுரை முழுக்க ‘வழிச்சொல்’ என்றே அழைப்போம். மொழிகளுக்கிடையே உள்ள இந்த வேறுபாட்டை அமெரிக்க மொழியியலாளர் லெனர்ட் டால்மி 1985இல் விரிவாக எழுதினார். பின்னர் அதை வளர்த்தெடுத்தபோது, வழியை வினைக்குள் வைக்கும் மொழிகளின் வரிசையில் ஸ்பானியம், ஜப்பானியத்தோடு தமிழையும் சேர்த்தார்.

“உள்ளே ஓடினான்” என்று நாமும் சொல்கிறோமே என்று கேட்கலாம். சொல்கிறோம். உள்ளே, வெளியே, மேலே, கீழே என்ற நம் சொற்கள் ஆங்கில வழிச்சொற்களின் உறவினர்கள்தான், அதனால் “கம் இன்”, “கோ அவுட்” யாருக்கும் கடினமாக இருப்பதில்லை. ஆனால் நமக்கு அது பல வழிகளில் ஒன்று. ஆங்கிலத்தின் அன்றாடப் பேச்சுக்கு அதுதான் ராஜபாட்டை.

படி 2: எச்சத்தை முற்றாக்குங்கள், முற்றை வழிச்சொல்லாக்குங்கள்

முழு வித்தையும் இந்தப் படியில்தான் இருக்கிறது. தமிழ் வாக்கியத்தில் வினையெச்சத்தைக் கண்டுபிடித்து அதை ஆங்கிலத்தின் முதன்மை வினையாக்குங்கள். பிறகு தமிழ் வினைமுற்றை எடுத்து வழிச்சொல்லாக மாற்றுங்கள்.

“தவழ்ந்து அறைக்குள் நுழைந்தது.” எச்சம் ‘தவழ்ந்து’, அது ‘கிரால்ட்’ ஆகும். முற்று ‘நுழைந்தது’, அது ‘இன்டு’ ஆகும். “த பேபி கிரால்ட் இன்டு த ரூம்.”

“நொண்டிக்கொண்டே படியிறங்கினார்.” “ஹி லிம்ப்ட் டவுன் த ஸ்டெப்ஸ்.”

“பந்து உருண்டு கட்டிலுக்கடியில் போய்விட்டது.” “த பால் ரோல்ட் அண்டர் த பெட்.” இங்கே ‘போய்விட்டது’ என்பதற்குத் தனி வினையே வேண்டாம்.

பெரிய வாக்கியத்தில்தான் இதன் பலன் தெரியும். லண்டனில் நடந்த ஒரு நடையைத் தமிழில் சொல்வோம்: “வாட்டர்லூ ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்து, ஆற்றங்கரைக்கு இறங்கி, கரையோரமாகவே நடந்து, லண்டன் ஐ ராட்டினத்தைத் தாண்டி, படிக்கட்டில் ஏறி, வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தைக் கடந்து, பார்லிமென்ட் சதுக்கத்துக்குள் நுழைந்தோம்.” ஆறு எச்சம், ஒரு முற்று, மொத்தம் ஏழு வினைகள். காதுக்கு இனிமையான, முறையான தமிழ்.

ஆங்கிலம்: “வீ வாக்ட் அவுட் ஆவ் வாட்டர்லூ ஸ்டேஷன், டவுன் டு த ரிவர், அலாங் த சவுத் பேங்க், பாஸ்ட் த லண்டன் ஐ, அப் த ஸ்டெப்ஸ், அக்ராஸ் வெஸ்ட்மின்ஸ்டர் பிரிட்ஜ் அண்ட் இன்டு பார்லிமென்ட் ஸ்கொயர்.” வினை ஒன்றே ஒன்று: ‘வாக்ட்’. நம் ஏழு வினைகள் நின்ற இடங்களில் ஏழு வழிச்சொல் தொடர்கள் நிற்கின்றன. வந்து என்பதற்கு ‘அவுட் ஆவ்’, இறங்கி என்பதற்கு ‘டவுன் டு’, கரையோரமாக நடந்து என்பதற்கு ‘அலாங்’, தாண்டி என்பதற்கு ‘பாஸ்ட்’, ஏறி என்பதற்கு ‘அப்’, கடந்து என்பதற்கு ‘அக்ராஸ்’, நுழைந்தோம் என்பதற்கு ‘இன்டு’. தமிழ்ப் பழக்கத்தில் எழுதினால் “கேம் அவுட் அண்ட் வென்ட் டவுன் அண்ட் பாஸ்ட் அண்ட் கிளைம்ட் அண்ட் கிராஸ்ட் அண்ட் என்டர்ட்” என்று ‘அண்ட்’ தோரணம் கட்டிவிடுவோம். உங்கள் ஆங்கிலப் பத்தியில் ‘அண்ட்’ வரிசையாக வந்தால், அங்கே வழியைச் சொல்லும் ஒரு வினை வழிச்சொல்லாகாமல் கிடக்கிறது என்று அர்த்தம்.

படி 3: ‘இல்’, ‘இலிருந்து’, ‘க்கு’ மூன்றையும் உடைத்துப் பாருங்கள்

நம் வேற்றுமை உருபுகள் ஆங்கிலத்துக்குப் போதாது. ஆங்கிலம் இடத்தை மூன்று வடிவமாகப் பார்க்கிறது: புள்ளி, பரப்பு, உள்ளறை. ஒவ்வொன்றுக்கும் இருத்தல், போய்ச் சேர்தல், விட்டு நீங்குதல் என்று மூன்று சொற்கள்.

புள்ளி: ‘அட்’ இருத்தல், ‘டு’ சேர்தல், ‘ஃப்ரம்’ நீங்குதல்.
பரப்பு: ‘ஆன்’, ‘ஆன்டு’, ‘ஆஃப்’.
உள்ளறை: ‘இன்’, ‘இன்டு’, ‘அவுட் ஆவ்’.

“குளத்தில் நீந்தினான்”, “குளத்தில் குதித்தான்” இரண்டிலும் நமக்கு ‘இல்’ ஒன்றுதான். முதலாவது இருத்தல், “ஸ்வாம் இன் த பாண்ட்”. இரண்டாவது சேர்தல், “ஜம்ப்ட் இன்டு த பாண்ட்”. ‘ஜம்ப்’, ‘ஃபால்’ போன்ற வினைகளோடு ‘இன்’ என்றே பேச்சில் சொல்லித் தப்பிவிடலாம், ஏனென்றால் பொருள் தானே விளங்கும். ‘வாக்’, ‘ரன்’ வினைகளில் அப்படித் தப்ப முடியாது. “வாக்ட் இன் த பார்க்” என்றால் பூங்காவுக்குள்ளேயே உலாவினார், “வாக்ட் இன்டு த பார்க்” என்றால் வெளியிலிருந்து உள்ளே போனார்.

‘இலிருந்து’ இன்னும் குழப்பும். சைக்கிளிலிருந்து, ஏணியிலிருந்து, கூரையிலிருந்து விழுந்தால் “ஃபெல் ஆஃப்”, ஏனென்றால் அவை மேலே அமர்ந்தோ நின்றோ இருக்கும் பரப்புகள். ஜன்னலிலிருந்து விழுந்தால் “ஃபெல் அவுட் ஆவ்”. மரத்திலிருந்து விழுந்தாலும் “ஃபெல் அவுட் ஆவ் த ட்ரீ”தான். கிளைகளுக்கு நடுவே இருப்பதால் ஆங்கிலத்துக்கு மரம் ஓர் உள்ளறை. ஒரு எஃப் எழுத்துள்ள ‘ஆவ்’ வேறு, இரண்டு எஃப் உள்ள ‘ஆஃப்’ வேறு என்பதை எழுதும்போது மறக்காதீர்கள்.

‘க்கு’ என்பது நான்காகப் பிரியும். ‘டு’ என்றால் போய்ச் சேர்ந்தாயிற்று. ‘டுவர்ட்ஸ்’ என்றால் அந்தத் திசை மட்டும், சேர்ந்தது உறுதியில்லை. ‘ஃபார்’ என்றால் அங்கே போகும் எண்ணத்தோடு கிளம்பியது. ‘அட்’ என்றால் குறிவைத்தது. “த்ரோ த பால் டு ஹிம்” என்றால் அவன் பிடிப்பதற்காக, “த்ரோ த பால் அட் ஹிம்” என்றால் அவனை அடிப்பதற்காக. நாய் உங்களிடம் ஓடி வந்தால் ‘டு’, கடிக்கப் பாய்ந்து வந்தால் ‘அட்’.

‘ஃபார்’ விடுபட்டால் பொருளே தலைகீழாகும். “ஹி லெஃப்ட் ஃபார் சென்னை” என்றால் சென்னைக்குக் கிளம்பினார். “ஹி லெஃப்ட் சென்னை” என்றால் சென்னையை விட்டுக் கிளம்பினார். அலுவலக மின்னஞ்சலில் இந்த ஒரு சொல்லை விட்டுவிட்டால், உங்களை அழைத்துப்போக வந்தவர் வேறு ஊர் ஸ்டேஷனில் நிற்பார்.

படி 4: ‘கடந்தான்’ என்று வரும்போதெல்லாம் நின்று யோசியுங்கள்

‘கட’, ‘தாண்டு’ இரண்டுக்கும் ஆங்கிலத்தில் நான்கு வழிச்சொற்கள் உண்டு. எது வரும் என்பதைக் கடக்கப்படும் இடத்தின் வடிவம் முடிவு செய்யும்.

தட்டையான பரப்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போனால் ‘அக்ராஸ்’: ரோடு, ஆறு, மைதானம். நாலாபுறமும் சூழ்ந்திருப்பதன் நடுவே புகுந்து போனால் ‘த்ரூ’: சுரங்கப்பாதை, காடு, கூட்டம். மேலேறி மறுபக்கம் இறங்கினால் ‘ஓவர்’: சுவர், வேலி, குன்று. பக்கவாட்டில் விட்டுவிட்டுப் போனால் ‘பாஸ்ட்’: கோயில், கடை, போலீஸ் ஸ்டேஷன்.

புல்வெளி நல்ல சோதனை. ஒட்ட வெட்டிய புல் என்றால் “வாக்ட் அக்ராஸ் த கிராஸ்”. இடுப்பளவு வளர்ந்த புல் என்றால் “வாக்ட் த்ரூ த கிராஸ்”. தாவரம் ஒன்றுதான், ஆனால் ஒன்று பரப்பு, மற்றொன்று உள்ளறை. பாலத்துக்கு ‘அக்ராஸ்’, ‘ஓவர்’ இரண்டும் சரி. கோயிலுக்கு ‘அக்ராஸ்’ சொல்லவே முடியாது. “கோயிலைத் தாண்டி வாங்க” என்பதை “கம் அக்ராஸ் த டெம்பிள்” என்றால், கோயில் ஒன்று தற்செயலாகக் கண்ணில் படும் என்று அர்த்தமாகிவிடும். “கம் பாஸ்ட் த டெம்பிள்” என்பதே வழி சொல்லும் முறை.

படி 5: பின்னால் பெயர் வருகிறதா என்று பாருங்கள்

ஒரே வழிச்சொல் தனியாகவும் நிற்கும், பெயரோடும் நிற்கும். நமக்கு ‘உள்ளே’ என்ற ஒரே சொல் இரண்டுக்கும் போதும்: “உள்ளே வா”, “அறைக்கு உள்ளே வா”. ஆங்கிலத்தில் உருவம் மாறலாம். தனியாக என்றால் “கம் இன்”, பெயரோடு என்றால் “கம் இன்டு த ரூம்”. தனியாக “கோ அவுட்”, பெயரோடு “கோ அவுட் ஆவ் த ரூம்”. எனவே “ப்ளீஸ் கம் இன்டு” என்று நிறுத்துவது தவறு, “ஹி வென்ட் அவுட் த ஹவுஸ்” என்பதும் தவறு. கதவு, ஜன்னல் என்ற திறப்புகளுக்கு மட்டும் அமெரிக்கர்கள் “அவுட் த டோர்” என்பார்கள். ‘அப்’, ‘டவுன்’, ‘ஓவர்’, ‘த்ரூ’, ‘அக்ராஸ்’, ‘பாஸ்ட்’ ஆகியவை இரண்டு இடத்திலும் மாறாமல் வரும்.

இது வாய்க்கும் முக்கியம். தனியாக நிற்கும் வழிச்சொல்லை அழுத்திச் சொல்ல வேண்டும்: “கம் இன்” என்பதில் அழுத்தம் ‘இன்’ மீது. பெயருக்கு முன்னால் வரும் ‘டு’, ‘அட்’, ‘ஃப்ரம்’ போன்றவை தேய்ந்துதான் ஒலிக்கும். ‘அவுட் ஆவ்’ என்பது வேகமான பேச்சில் ‘அவுட்டவ்’ என்று ஒட்டிக்கொள்ளும். நாம் எல்லாச் சொல்லுக்கும் ஒரே அழுத்தம் கொடுப்பதால், கேட்பவருக்கு வழி எது, இடம் எது என்று பிரிப்பது கடினமாகிறது.

சேர்த்து எழுதும் ‘இன்டு’வும் பிரித்து எழுதும் ‘இன் டு’வும் ஒன்றல்ல. “ஷி கேம் இன் டு சீ மீ” என்பதில் ‘இன்’ உள்ளே வந்தாள் என்பதோடு முடிகிறது, ‘டு சீ’ பார்ப்பதற்காக. “டிரோவ் ஆன் டு மதுரை” என்பதில் ‘ஆன்’ நிற்காமல் தொடர்ந்து, ‘டு மதுரை’ மதுரைக்கு. அதையே சேர்த்து எழுதினால் கார் மதுரையின் மேல் ஏறிவிடும்.

கேள்வியிலும் வழிச்சொல் விடுபடக் கூடாது. “எந்த பஸ்ஸிலிருந்து இறங்கினீங்க?” என்பது “விச் பஸ் டிட் யூ கெட் ஆஃப்?” கடைசியில் நிற்கும் அந்த ‘ஆஃப்’ நமக்கு அநாதையாகத் தெரிவதால் வெட்டிவிடுகிறோம். அதை வெட்டினால் வாக்கியத்தில் இறங்குதலே இல்லை.

படி 6: அடுக்கும் வரிசை

வழிச்சொற்களை ஒன்றின் பின் ஒன்றாக அடுக்கலாம். ‘பேக்’ வந்தால் அது முதலில். அடுத்து ‘அப்’, ‘டவுன்’, ‘இன்’, ‘அவுட்’ போன்றவை. கடைசியில் பெயரோடு வரும் தொடர். “மறுபடி ஓடிப்போய்க் கீழே இறங்கி நிலவறைக்குள் புகுந்தாள்” என்பது “ஷி ரேன் பேக் டவுன் இன்டு த செல்லர்”. மூன்று சொற்கள், மூன்று வேலைகள்: பேக் (மறுபடி), டவுன் (கீழே), இன்டு (உள்ளே). வரிசையை மாற்றி “டவுன் பேக்” என்று சொன்னால் காதில் உறுத்தும்.

‘அப்’ எப்போதும் உயரம் காட்டாது. “ஹி கேம் அப் டு மீ” என்றால் அவர் என் பக்கத்தில் நெருங்கி வந்தார், அவ்வளவுதான். தெருவில் சும்மா நடந்து போவதையும் “டவுன் த ரோடு” என்பார்கள், சரிவு இருக்க வேண்டியதில்லை. பிரிட்டிஷ் ரயில்வேயில் பெரும்பாலும் லண்டன் நோக்கிப் போகும் தடம்தான் ‘அப்’.

படி 7: வழிச்சொல் வேண்டாத வினைகளைத் தனியாக வையுங்கள்

1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சு வழியாக ஏராளமான வினைகள் ஆங்கிலத்துக்கு வந்தன. என்டர், ரிடர்ன், அப்ரோச், டிசென்ட், டிபார்ட் எல்லாம் அந்த வரவுகள். லத்தீன் வழி மொழிகள் தமிழைப் போலவே வழியை வினைக்குள் வைப்பவை. அதனால் இந்த வினைகளின் வயிற்றிலேயே வழி இருக்கிறது, மேலே ஒன்றை ஒட்டத் தேவையில்லை. “என்டர்ட் த ரூம்” போதும், ‘இன்டு’ வேண்டாம். ‘ரிடர்ன்’ என்றாலே திரும்புதல், ‘ரிடர்ன் பேக்’ வேண்டாம். “அப்ரோச்ட் ஹிம்”, ‘டு’ வேண்டாம்.

இந்தப் பிழை நமக்கு ஏன் ஒட்டிக்கொண்டது? “மேலே ஏறு”, “கீழே இறங்கு”, “உள்ளே நுழை” என்று தமிழில் இரட்டித்துச் சொல்வது இயல்பு, அழகும் கூட. அந்தப் பழக்கத்தில் “டிசென்ட் டவுன்” என்கிறோம். உடன்பாட்டில் இறங்குவதற்கு மட்டும் “என்டர் இன்டு அன் அக்ரிமென்ட்” சரி. ‘ரீச்’ பழைய ஆங்கிலச் சொல்தான், ஆனாலும் அதற்கும் ‘டு’ கிடையாது: “ரீச்ட் சென்னை”. ‘அரைவ்’ விதிவிலக்கு. ஊர் என்றால் “அரைவ்ட் இன் சென்னை”, ஸ்டேஷன் போன்ற புள்ளி என்றால் “அரைவ்ட் அட் த ஸ்டேஷன்”. ‘அரைவ்ட் டு’ எங்கேயும் கிடையாது.

இந்த வந்தேறி வினைகள் விறைப்பானவை என்பதும் நினைவிருக்கட்டும். கதவைத் தட்டும் விருந்தாளியிடம் “என்டர்” என்றால் நீதிமன்றம் போல் இருக்கும். வீட்டில் “கம் இன்”தான்.

பெயர் பக்கத்திலும் இதே போன்ற சிறு கூட்டம் உண்டு: ஹோம், ஹியர், தேர், அப்ராட், அப்ஸ்டேர்ஸ். இவற்றுக்குள்ளேயே ‘டு’ அடக்கம். “இங்கே வா” என்பதில் ‘க்கு’ இல்லாததால் “கம் ஹியர்” நமக்குச் சரியாக வருகிறது. “வீட்டுக்கு வா” என்பதில் ‘க்கு’ இருப்பதால் “கம் டு ஹோம்” என்று தடுக்குகிறோம். “கம் ஹோம்” என்பதே சரி. ஆனால் யாருடைய வீடு என்று சொல்லிவிட்டால் ‘டு’ திரும்ப வரும்: “கேம் டு மை அங்கிள்ஸ் ஹவுஸ்”.

படி 8: வண்டிகள்

எழுந்து நின்று நடக்க முடிகிற வண்டி என்றால் ‘ஆன்’, ‘ஆஃப்’: பஸ், ரயில், விமானம், கப்பல். உட்கார்ந்தபடியேதான் போக முடியும் என்றால் ‘இன்’, ‘அவுட் ஆவ்’: கார், ஆட்டோ, டாக்சி. கால் போட்டு ஏறி உட்காருவது என்றால் மறுபடி ‘ஆன்’, ‘ஆஃப்’: சைக்கிள், பைக், குதிரை. வினை எல்லாவற்றுக்கும் ‘கெட்’. நாம் பழகிய “கெட் டவுன் ஃப்ரம் த பஸ்” என்பது ‘இறங்கு’ என்பதன் நேர்ப்பெயர்ப்பு. இந்திய ஆங்கிலத்தில் எல்லோருக்கும் புரியும், வெளிநாட்டில் “கெட் ஆஃப் த பஸ்” என்று சொல்லுங்கள். பொதுவாகச் சொன்னால் “பை பஸ்”, “பை கார்”. குறிப்பாகச் சொன்னால் “இன் ஹிஸ் கார்”. நடந்து என்றால் “ஆன் ஃபுட்”.

படி 9: விதத்துக்கு நல்ல வினை தேடுங்கள்

முதன்மை வினையின் இருக்கை விதத்துக்கு என்பதால் ஆங்கிலம் அந்த வகை வினைகளைக் குவித்து வைத்திருக்கிறது. நம்மிடம் அந்தச் செல்வம் வேறு இடத்தில் இருக்கிறது, ஒலிக்குறிப்புகளிலும் அடுக்குத்தொடர்களிலும். குடுகுடுவென்று, விறுவிறுவென்று, பதுங்கிப் பதுங்கி என்று நாம் சேர்ப்பதை ஆங்கிலம் வினையாகவே வைத்திருக்கும். எனவே “ரேன் வெரி ஃபாஸ்ட்” என்று அடைமொழி தேடாமல் வினையையே மாற்றுங்கள்.

விறுவிறுவென்று நீள அடி வைத்து நடந்து உள்ளே வந்தார்: “ஸ்ட்ரோட் இன்”. பதுங்கிப் பதுங்கி வெளியே போனான்: “கிரெப்ட் அவுட்”, யாருக்கும் தெரியாமல் நழுவினால் “ஸ்லிப்ட் அவுட்”. தள்ளாடித் தள்ளாடி வீடு வந்து சேர்ந்தார்: “ஸ்டாகர்ட் ஹோம்”. எலி குடுகுடுவென்று சுவரோரம் ஓடியது: “ஸ்கரீட் அலாங் த வால்”. வயதானவர் காலைத் தேய்த்துத் தேய்த்து ஜன்னலுக்கு வந்தார்: “ஷஃபில்ட் ஓவர் டு த விண்டோ”.

ஒலியைக் குறிக்கும் வினையைக்கூட ஆங்கிலம் நகர்த்திவிடும். லாரி தடதடவென்று எங்களைத் தாண்டிப் போனது: “த லாரி ராட்டில்ட் பாஸ்ட் அஸ்”. ‘ராட்டில்’ என்பது வெறும் சத்தம், அதை நகர்ச்சியாக்கியது ‘பாஸ்ட்’ ஒன்றுதான். வழிச்சொல்லின் பலத்தை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. முண்டியடித்துக்கொண்டு உள்ளே போனான் என்பதற்கு “எல்போட் ஹிஸ் வே இன்”. முழங்கையே வினையாகிவிட்டது.

படி 10: ‘அதை’ எங்கே வைப்பது

ஒரு பொருளை நகர்த்தும்போது இடச் சிக்கல் வரும். “டேக் அவுட் த டிரே”, “டேக் த டிரே அவுட்” இரண்டும் சரி. ஆனால் ‘அதை’ என்று சொன்னால் நடுவில்தான்: “டேக் இட் அவுட்”. “டேக் அவுட் இட்” தவறு. பெயரோடு ஒட்டிய வழிச்சொல்லுக்கு இது பொருந்தாது. சுவரில் மோதினான் என்றால் “ரேன் இன்டு இட்”. ‘ரேன் இட் இன்டு’ என்று பிரித்தால் அவன் எதையோ ஓட்டிப்போய் எதிலோ மோதினான் என்று அந்தரத்தில் நிற்கும்.

‘ரன் ஓவர்’ இரண்டு பக்கமும் நிற்கும். நாய் பாலத்தின் மேல் ஓடியது: “ரேன் ஓவர் த பிரிட்ஜ்”, ‘அதை’ போட்டால் “ரேன் ஓவர் இட்”. லாரி ஒருவர் மேல் ஏறியது: “ரேன் ஹிம் ஓவர்”. விபத்துச் செய்தி எழுதுபவர்கள் இந்த இரண்டையும் குழப்பக் கூடாது.

படி 11: பொருள் மாறியவற்றிலும் வழியைத் தேடுங்கள்

பட்டியல் புத்தகங்கள் பயமுறுத்தும் பகுதி இது. ஆனால் பெரும்பாலானவற்றில் பழைய வழி மங்கலாகவாவது தெரியும். ‘அவுட்’ வெளியே, அதனால் தீர்ந்துபோதல்: “ரன் அவுட் ஆவ் பெட்ரோல்”. ‘ஆன்’ தொடர்ந்து: “வாக் ஆன்”, “கோ ஆன்”. ‘த்ரூ’ துளை வழியாக: திட்டம் கைநழுவினால் “ஃபெல் த்ரூ”. ‘ஓவர்’ தாண்டி: காய்ச்சலிலிருந்து மீண்டால் “காட் ஓவர் இட்”. நின்றிருந்த ஒன்று சாய்ந்தாலும் ‘ஓவர்’: மரம் “ஃபெல் ஓவர்”.

‘கோ ஆஃப்’ ஒன்று மட்டும் பலரைக் கவிழ்க்கிறது. “த லைட் வென்ட் ஆஃப்” என்றால் விளக்கு அணைந்தது. “த அலாரம் வென்ட் ஆஃப்” என்றால் அலாரம் அணையவில்லை, அடித்தது. இரண்டிலும் ‘ஆஃப்’ பிரிதல்தான். விளக்கு மின்சாரத்திலிருந்து பிரிந்தது. அலாரம் அதுவரை பிடித்து வைத்திருந்த நிலையிலிருந்து விடுபட்டுக் கிளம்பியது. குண்டு வெடிப்பதும் அதே ‘கோ ஆஃப்’.

பெயர்ச்சொற்களிலும் இந்த வழிகள் ஒளிந்திருக்கின்றன. பழைய ஆங்கிலத்தில் வழிச்சொல் வினைக்கு முன்னால் ஒட்டும் வழக்கம் உண்டு. அதே அமைப்பை இன்றும் பார்க்கலாம்: உள்ளே வருவது ‘இன்கம்’. நாம் கட்டும் இன்கம் டாக்ஸில் இருப்பது திருப்பிப் போட்ட “கம் இன்”தான்.

விடைபெறும்போது மட்டும் வழிச்சொல் காப்பாற்றாது. “வர்றேன்” என்று சொல்லிவிட்டுக் கிளம்புவது நம் மரியாதை, போகிறேன் என்று சொல்வது அமங்கலம். அதை “ஐயம் கமிங்” என்று பெயர்த்தால் எதிரில் இருப்பவர் நீங்கள் இன்னும் வந்து சேரவில்லை என்று நினைப்பார். “ஐயம் ஆஃப்” என்று சொல்லிப் பாருங்கள். ‘ஆஃப்’ என்ற பிரிதல் ஒன்றே அங்கே போதும்.

பயிற்சி

தினமும் பத்து வாக்கியம் போதும். நகர்ச்சி நிறைந்த செய்தி ஒன்றை எடுங்கள். கால்பந்து வர்ணனை, விபத்து, ஊர்வலம், எதுவானாலும் சரி. ஒவ்வொரு வாக்கியத்திலும் எச்சத்தின் கீழ் ஒரு கோடு, முற்றின் கீழ் இரண்டு கோடு. பிறகு படி 2இன்படி மாற்றி எழுதுங்கள். எழுதிய ஆங்கிலத்தில் ‘கோ’, ‘கம்’ எத்தனை என்று எண்ணுங்கள். பத்தில் ஆறுக்கு மேல் இருந்தால் படி 9க்குத் திரும்புங்கள்.

தொடங்க மூன்று. “பூனை சுவரேறிக் குதித்துப் பக்கத்து வீட்டுக்குள் போய்விட்டது”: “த கேட் ஜம்ப்ட் ஓவர் த வால் அண்ட் இன்டு த நெக்ஸ்ட் ஹவுஸ்”. “கூட்டத்துக்குள் புகுந்து மேடைக்கு அருகே வந்துவிட்டார்”: “ஹி புஷ்ட் த்ரூ த கிரௌட் அப் டு த ஸ்டேஜ்”. மூன்றாவதை நீங்களே செய்யுங்கள்: “படகு மெல்ல மிதந்து, பாலத்துக்கு அடியில் புகுந்து, வளைவைத் தாண்டிக் கண்ணிலிருந்து மறைந்தது.” நான்கு வினைகள். ‘ட்ரிஃப்ட்’ என்ற ஒரே வினையும் மூன்று வழிச்சொல் தொடர்களும் போதும். கடைசித் தொடர் ‘அவுட் ஆவ் சைட்’.